வரிசையாகக் கேள், மக்கா

அன்புள்ள மருமகனுக்கு,

போஸ்ட்-ராக் பாட்டு ஒன்று கேட்டதாகவும், எட்டு நிமிஷமும் கிட்டார்தான், ஒன்றும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தாய். உன் காதில் குறையில்லை மக்கா. கேட்ட விதம்தான் சரியில்லை.

1994-இல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில விமர்சகர் போஸ்ட்-ராக் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ராக் கருவிகள்தான். அவற்றை வைத்துச் செய்யும் வேலை மட்டும் வேறு. பல்லவிக்காகக் காத்திருந்தால் ஏமாந்துபோவாய். நம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறாய் அல்லவா? பாட்டை நடத்தும் அண்ணாவி காப்புப் பாடி, கதையை நிதானமாக நகர்த்துவார். சாமி வரும் நேரம் நெருங்க நெருங்க உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும். நடுவில் வந்து ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனவனுக்கு அது வெறும் சத்தம். இங்கேயும் அப்படித்தான். ஒரு சின்ன கிட்டார்த் துணுக்கு திரும்பத் திரும்ப வரும், பேஸ் சேரும், டிரம்ஸ் கனக்கும். எது எப்போது உள்ளே நுழைகிறது என்று கவனி.

பயிற்சிக்கு அகமதாபாத்தில் உருவான ‘ஆஸ்வீகீப்சர்ச்சிங்’ குழுவை எடுத்துக்கொள். சினிமாப் பாட்டு மட்டும் கேட்கிற வீடுகளில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்காது. ‘க்வாப்’ (2015), ‘ஜியா’ (2017), ‘ரூஹ்’ (2019), ‘ஸ்லீப்’ (2020) என்று ஐந்தே ஆண்டுகளுக்குள் நான்கு ஆல்பங்கள். ‘ரூஹ்’ பெர்லினின் பெலாஜிக் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தது. ஆண்டு வரிசை மாறாமல், ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம் வீதம் முழுசாகக் கேள். ‘ஷஃபிள்’ வேண்டாம். முதல் தடவை டிரம்ஸும் பேஸும் மட்டும். அடுத்த தடவை கிட்டார். இந்தியில் குரல் வரும் இடங்களில் அதையும் ஒரு கருவியாகவே எண்ணிக்கொள். ‘ரூஹ்’ முடித்துவிட்டு ‘ஸ்லீப்’புக்கு வந்தால் அதன் அமைதியில் திகைப்பாய்; முந்தைய மூன்றையும் கேட்டவனுக்குத்தான் அந்த அமைதி எவ்வளவு பெரிய திருப்பம் என்று தெரியும். தனிப்பாட்டாகக் கேட்டால் அது கிடைக்காது.

சின்னக் குழு என்று அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவில் இல்லினாய் மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்த ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற எமோ வகை ராக் குழு, 1999-இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்தது. அந்தப் பதிவு கைமாறிக் கைமாறி வளர்ந்து, 2014-இல் மறுவெளியீடு கண்டது. குழுவும் மறுபடி மேடையேறியது. பதிவு இருந்தது, அதனால் நடந்தது. நம் பக்கத்திலும் அப்படி ஒரு பதிவு உண்டு: ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் 1970-களின் கடைசியில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1988-இல் புத்தகமாக்கினார். பதிவாகாமலே போன அண்ணாவிகளின் பாட்டை இனி எங்கே போய்க் கேட்பது?

ஆகவே ஒரு நோட்டுப் போடு. ஆல்பத்தின் பெயர், ஆண்டு, வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர் இவற்றைக் குறித்து, கீழே உன் அபிப்பிராயம் இரண்டு வரி எழுது. நான்கும் முடிந்ததும் எனக்கு அனுப்பு. பிடிக்கவில்லை என்றாலும் சரி, ஏன் என்று எழுதினால் போதும்.

அன்புடன்,
மாமா
நாகர்கோவில்