ஜாடியில் பூ நிலைக்க

கேள்வி: குடிமல்காபூர் பூச்சந்தையில் வாங்கும் ரோஜா இரண்டே நாளில் தலை சாய்ந்துவிடுகிறது. ஹைதராபாத் வெயிலுக்கு எந்தப் பூ தாங்கும்?
- வாசகி, மெஹதிப்பட்டினம்

பதில்: கார்னேஷன், நீளக் காம்போடு வரும் சாமந்தி, ஆர்க்கிட் வாங்குங்கள். கவனித்துக்கொண்டால் ஒரு வாரம் தாண்டியும் நிற்கும். ரோஜாதான் வேண்டுமென்றால், மொட்டின் அடிப்பாகத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, மெத்தென்றிருந்தால் பழசு. வீட்டுக்கு வந்ததும் காம்பு நுனியைக் கூரான கத்தியால் சாய்வாக நறுக்கி, உடனே தண்ணீரில் வையுங்கள். காம்புக்குள் காற்றோ பாக்டீரியாவோ அடைத்துக்கொண்டால் நீர் ஏறாது. தலை சாய்வது அதனால்தான். தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பழக்கூடை பக்கத்தில் மட்டும் ஜாடியை வைக்கவே வேண்டாம். பழுத்த மாம்பழமும் வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் சீக்கிரமே சுருங்கிவிடும்.