சிறு நாய்களின் இருமலும் தொண்டையடைப்பும்

பசறை, ஹாலி-எல ஆகிய பகுதித் தோட்ட லயங்களினின்று பதுளை மிருக வைத்தியரிடம் செல்ல நெடுநேரம் ஆகும். மூச்சடைத்த நாய்க்கோ சில நிமிடங்களே உண்டு. ஆதலின் அடையாளங்களை நாமே அறிதல் வேண்டும்.

இருமும் நாய்க்கு இடையிடையே மூச்சு ஓடும். பொமரேனியன் போன்ற சிற்றினங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்குவதால், வாத்துக் கத்துவது போன்ற வறட்டிருமல் எழுவதுண்டு. கழுத்துப் பட்டியை நீக்கி மார்புப் பட்டி அணிவித்து, அடுப்புப் புகையினின்று விலக்கி, வைத்தியரிடம் காட்டுக.

தொண்டையடைப்போ உண்ணும்போது திடீரெனத் தோன்றும். நாய் ஓசையின்றித் தவிக்கும். வாயைக் காலாற் பிறாண்டும். நாக்கு நீலம் பாரிக்கும். கண்ணுக்குத் தெரியும் எலும்பை மட்டும் இடுக்கியால் எடுக்க. விரலால் துழாவின் அது உள்ளே போகும். தெரியாவிடின், பின்னங்கால்களைத் தூக்கித் தலை தாழப் பிடித்து, தோள்களுக்கிடையே உள்ளங்கையால் தட்டுக.

ஆயினும், சில நாளாகக் குணம் மாறி, தாடை தொங்கி, எச்சில் வழிய நிற்கும் நாய்க்கு விசர்நோய் இருத்தல் கூடும். எலும்பு சிக்கிற்று என எண்ணி அதன் வாயிற் கையிடலாகாது. காயத்தில் எச்சில் பட்டுவிடின், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 1885இல் லூயி பாஸ்டர் மனிதருக்கு முதன்முதல் ஏற்றிய விசர்நோய்த் தடுப்பூசி இன்று பெரிதும் திருந்தியுள்ளது. எனினும் நோய்க்குறி தோன்றுமுன் ஏற்றினாலே அது காக்கும். வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்தல் நம் கடனாம்.