எழுதுமுன் எண்ணுதல்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணாக்கர்க்குப் பயன்படும் ஒன்றை எழுதுவதா என ஐயுற்றேன். துடுப்பாட்டத்தையும் விடுதிச் சோற்றையும் பற்றி எழுத நண்பர் பலர் முன்வந்திருப்பர் என்பது உறுதி. ஆதலின், என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொண்டுவிட்ட ஒரு தொழிலைப் பற்றிச் சிறிது கூறத் துணிந்தேன். அது கட்டுரை திருத்துந் தொழில்.

மாணாக்கர் பலர் கட்டுரை எழுதத் தொடங்கும் விதம் நாமெல்லாம் அறிந்ததே. தலைப்பைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன்னரே பேனா கொப்பியில் ஓடத் தொடங்கும். முதற்பந்தி விரைந்து முடியும். இரண்டாம் பந்தியில் வேகம் தளரும். மூன்றாம் பந்தியில் பேனாவின் முனை வாய்க்குள் செல்லும். கண் கூரையை நோக்கும். கூரையிற் பொருள் யாதும் இல்லையெனக் கண்டபின், முதற்பந்தியிற் சொன்னதையே வேறு சொற்களாற் சொல்லி, 'எனவே நாமும்' என ஓர் அறிவுரை கூறி முடிப்பர். இவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். பொருளைத் தேடுதல், தேடியதை ஒழுங்குபடுத்தல், ஒழுங்குபடுத்தியதைச் சொல்லில் வைத்தல் என்னும் மூன்று தொழிலையும் ஒரே மூச்சிற் செய்ய முயன்று இளைத்தவர்கள். பண்டை உரோம நாட்டுச் சொல்லாசிரியர்கள் இம்மூன்றையும் வெவ்வேறு கலைகளாகவே வகுத்துக் கற்பித்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எழுபதுகளில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னர், அட்டன் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்துப் பாடசாலையில் யான் சில காலம் படிப்பித்தேன். ஒரே மண்டபம், நடுவே தட்டி. மழை பெய்தால் தகரக்கூரையின் ஓசையிற் பாடம் தானே நின்றுவிடும். அங்கே மேல்வகுப்பினர்க்கு ஒருநாள் 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். மறுநாட் கொப்பிகளைத் திருத்த அமர்ந்தபோது திகைப்புற்றேன். ஏறத்தாழ எல்லாக் கொப்பிகளிலும் பச்சைப் பசேலென்ற வயல் இருந்தது. வானளாவிய பனைமரம் இருந்தது. தாமரை பூத்த குளம் இருந்தது. மாலையில் மணியோசையுடன் மாடுகள் வீடு திரும்பின. சன்னலுக்கு வெளியே நோக்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. பனைமரத்தை நேரிற் கண்ட பிள்ளை அவ்வகுப்பில் ஒருவரேனும் இருந்திரார்.

குற்றம் என்னுடையது. முன்வாரம் வழிகாட்டி நூலொன்றிலிருந்து மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிக்கொடுத்தவன் யானே. யாழ்ப்பாணத்து ஊரையோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரையோ மனத்திற் கொண்டு எழுதப்பட்ட அதனைப் பிள்ளைகள் பிழையறப் பார்த்தெழுதியிருந்தனர். கட்டுரையில் எழுதத்தக்கது தம் கண்முன் உள்ளதன்று, புத்தகத்தில் உள்ளதே என்பதை அவர்களுக்கு யான் சொல்லாமலே கற்பித்துவிட்டேன்.

கொப்பிகளைத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் இடத்தைப் பற்றியே எழுதுக என்றேன். வகுப்பில் அமைதி. பின்வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"சேர், லயத்தை ஊருன்னு எழுதலாங்களா?"

"ஏன் எழுதக்கூடாது?"

"எங்க அப்பாயி ஊருன்னு சொல்றது திருச்சிப் பக்கங்க. இது தோட்டந்தாங்க. அந்த ஊர நாங்க யாரும் பார்த்ததில்லீங்க."

அவ்வினாவுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. மலையகத்து முதியோர் வாயில் 'ஊர்' என்றால் கடலுக்கப்பாலுள்ள மூதாதையர் ஊர். தாம் பிறந்து உழைத்து மாய்வது 'தோட்டம்'. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை காத்திருந்தது. அக்காலத்தில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியோர் எத்தனையோ குடும்பத்தினர். இத்தகைய பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர்' என்று எளிதாகத் தலைப்புக் கொடுத்தவன், அத்தலைப்பின் முதற்சொல்லையும் எண்ணிப் பார்த்தவனல்லன். இரண்டாஞ் சொல்லையும் எண்ணிப் பார்த்தவனல்லன்.

ஆயினும் அச்சிறுமியின் வினாவே கட்டுரைத் திட்டத்தின் முதற்படி என்பதைப் பின்னரே உணர்ந்தேன். தலைப்பைக் கண்டதும் எழுதாது, அதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வினாவுதல் வேண்டும். 'தேயிலையின் பயன்' என்பதும் 'தேயிலைத் தொழிலின் வரலாறு' என்பதும் 'தேயிலைச் செடி தன் வரலாறு கூறல்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட செய்தி வேண்டியதில்லை. இரண்டாவதற்கு அச்செய்தியும், 1869இல் கோப்பிச் செடியில் தோன்றிய இலைநோயும் இன்றியமையாதன. மூன்றாவதிலோ செடிக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மாத்திரமே சொல்லலாம். கவ்வாத்துக் கத்தியின் கூர்மையைச் செடி அறியும், ஏலச்சந்தையின் விலையை அஃது அறியாது. இவ்வேறுபாட்டைக் காணாது எழுதிய கட்டுரை எத்துணை அழகாயிருப்பினும் புள்ளி பெறாது. பெறவும் கூடாது.

அடுத்த படியை அன்று வகுப்பிற் செய்து பார்த்தோம். ஒவ்வொருவரும் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்தெடுத்து, தம் இடத்தைப் பற்றி மனத்தில் வருவன யாவற்றையும் ஓரிரு சொற்களிற் குறிக்கச் சொன்னேன். வாக்கியம் வேண்டாம், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், நல்லது தீயது ஆராய வேண்டாம் என்றேன். கடைசி நிபந்தனையே மிகவும் முக்கியமானது. அமெரிக்காவில் விளம்பரத் தொழில் செய்த அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்பவர் கூட்டமாக இருந்து கருத்துகளைக் கொட்டும் முறையைப் பரப்பி, 1953இல் வெளியிட்ட நூலில் அதனை விரித்துரைத்தார். கருத்துகள் வந்துகொண்டிருக்கும்போது எவரும் குறை கூறலாகாது என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. பிழைகாணும் அறிவு முன்னே வந்து நின்றால் தேடும் அறிவு அஞ்சி ஒளிந்துகொள்ளும். ஆனால், கூட்டமாய் இருந்து தேடுதலே சிறந்தது என்ற அவர் கூற்றை யான் முழுவதும் ஒப்பவில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒன்றுகூடித் தேடியோரைவிட, தனித்தனியே தேடிய அத்தனை பேரின் கருத்துகளைச் சேர்த்தபோது தொகை மிகுந்திருந்தது. வகுப்பறையில் யான் கண்டதும் அதுவே. குழுவாக அமர்ந்தால் உரத்த குரலுடைய ஒருவன் சொல்வதை ஏனையோர் எழுதுவர். ஆகவே முதலிற் பத்து நிமிடம் தனித்து, வாய் பேசாது குறித்தல். அதன்பின் அயலில் இருப்பவரோடு தாளை மாற்றிப் பார்த்தல். அயலவன் தாளைக் கண்டதும், 'அட, இதை மறந்துவிட்டேனே!' என்று தன் தாளிற் சேர்ப்பான். அதுவரை பயன், அதற்குமேற் பேசவிட்டால் சந்தைதான்.

அச்சிறுமியின் தாளில் இருந்தவற்றுட் சில என் நினைவில் உள்ளன: விடியலிற் பிரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம்; லயத்திற்குப் பொதுவான ஒரே பீலி; பீலியடியிற் சண்டை; அம்மாவின் கொழுந்துக் கூடை; தலையிற் போட்ட சாக்கு; பிள்ளை மடுவத்தில் தம்பி; அட்டைக்கடி; மாரியம்மன் திருவிழா; காமன் கூத்து; தூரத்தில் தெரியும் நீர்வீழ்ச்சி; அப்பாயி சொல்லும் ஊர்க் கிணறு; மாமா குடும்பம் அட்டனிற் கோச்சி ஏறிய நாள்; மாமா வளர்த்த நாய் எங்கள் வீட்டில். முதல் நாள் தாமரைக் குளத்தை எழுதிய அதே கையே இவற்றையும் எழுதியது.

தேடியாயிற்று. இனித் தெரிதல். இங்கேதான் மாணாக்கர் மனம் நோவர்; கொழுந்தெடுத்தோர் மடுவத்தில் முற்றிய இலையை அகற்றும்போது நோவதுபோல. தெரிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தலைவாக்கியம் என்பேன். இக்கட்டுரை படிப்பவர்க்குச் சொல்லப்போவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்தலே அது. கட்டுரையில் அவ்வாக்கியம் அப்படியே வரவேண்டுமென்பதில்லை. சிறுமி இரண்டு மூன்று முறை அழித்தெழுதியபின், 'அப்பாயிக்கு ஊர் அந்தக் கிணற்றடி. எனக்கு ஊர் இந்தப் பீலியடி' என்று எழுதினாள். அதன்பின் தாளிலுள்ளவை தாமே இரண்டாகப் பிரிந்தன. தப்பும் பீலியும் கிணறும் மாமாவும் நாயும் நின்றன. நீர்வீழ்ச்சி போயிற்று, காமன் கூத்துப் போயிற்று. அட்டைக்கடியை விட அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, அவ்வளவு நன்றாக அதனைச் சொன்னாள். ஆயினும் வேறொரு கட்டுரைக்கென ஒதுக்கினோம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைக் கூறுமிடத்து மற்றொன்று விரித்தலையும் ஒன்றாக வைத்தார். கூறியது கூறல், சென்று தேய்ந்திறுதல் என அவர் சுட்டும் ஏனைய சில குற்றங்களும் திட்டமின்றி எழுதுவதால் விளைவனவே. இக்குற்றங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணாக்கர் தம் கட்டுரையில் அவற்றைத் தேடிப் பார்ப்பதில்லை என்பது நீண்டநாள் வியப்பு.

ஒழுங்குபடுத்தலுக்குப் பல வழிகள் உள. விடியல் முதல் மாலை வரை எனக் காலத்தால் ஒழுங்குபடுத்தலாம். பெருந்தெருவிலிருந்து லயம் வரை என இடத்தால் ஒழுங்குபடுத்தலாம். காரணமும் காரியமுமாகவும், ஒரு கொள்கையும் அதற்கு மறுப்புமாகவும் நிறுத்தலாம். வருணனைக் கட்டுரைக்கு முதலிரண்டும், விவாதக் கட்டுரைக்குப் பின்னிரண்டும் பெரும்பாலும் ஏற்றன. எதை முன் வைப்பது என்று ஐயம் வந்தால், படிப்பவர் கண்முன் உடனே நிற்கத்தக்க பொருளை முன் வைக்க. அச்சிறுமி அப்பாயியின் வரலாற்றிலிருந்து தொடங்க எண்ணினாள். யான் பீலியடியிலிருந்து தொடங்கச் சொன்னேன். தண்ணீர்க் குடத்துடன் நிற்கும் அப்பாயியே அங்கு நின்று கிணற்றைப் பற்றிப் பேசட்டும் என்பது ஏற்பாடு.

சொற்களைப் பற்றி ஓர் ஐயத்தை மாணாக்கர் அடிக்கடி எழுப்புவர். பிரட்டு, பீலி, மடுவம், கொந்தரப்பு முதலிய தோட்டத்துச் சொற்களைக் கட்டுரையில் எழுதலாமா? சிலர் இவற்றைக் கொச்சையெனச் சிவப்பு மையால் அடிப்பர். அவர்களோடு யான் உடன்படேன். வாக்கியம் இலக்கண வழுவின்றி இருத்தல் வேண்டும். அதில் விட்டுக்கொடுத்தற்கு இடமில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு அவ்விடத்து மக்கள் இட்ட பெயரே அதன் பெயர். பீலியை 'நீரூற்று' என்று எழுதினால் அது பீலியாகாது. பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதியபோதும் தோட்டத்து வாழ்வையே பொருளாகக் கொண்டார். அதனாலன்றோ அவர் எழுத்தை இன்றும் தேடிப் படிக்கின்றோம். படிப்பவர் அறியாத சொல்லெனின் முதன்முறை வருமிடத்தில் அரைவரி விளக்கம் போதும்.

பரீட்சை மண்டபத்தில் இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்பர். ஒரு மணி நேரம் உண்டெனின் முதற் பத்து நிமிடம் தேடலுக்கும் தெரிதலுக்கும், கடைசி ஐந்து நிமிடம் பிழை பார்த்தலுக்கும் என ஒதுக்குக. எஞ்சிய நாற்பத்தைந்து நிமிடத்தில் எழுதுவது, திட்டமின்றி ஒரு மணி நேரம் எழுதியதிலும் நீளமாகவே இருக்கக் கண்டிருக்கின்றேன். இடையிற் கூரையை நோக்கும் நேரம் மிஞ்சுகின்றதன்றோ. ஆனால் இப்பழக்கம் பரீட்சைக்கு முதல்வாரம் வாராது. ஏழாம் எட்டாம் வகுப்பிலிருந்தே, முழுக்கட்டுரை எழுதாவிடினும், வாரம் இருமுறை குறிப்புத்தாள் மாத்திரம் ஆயத்தஞ்செய்து பழகுதல் வேண்டும். ஆசிரியர்க்கும் திருத்தும் சுமை குறையும். எழுதத் தொடங்கியபின் திட்டத்திலில்லாத நல்ல கருத்தொன்று தோன்றினால் அதனை விரட்ட வேண்டியதில்லை. தலைவாக்கியத்தோடு வைத்துப் பார்த்து, பொருந்தின் சேர்த்துக்கொள்க.

பழகுதற்குச் சில தலைப்புகள்: 'பீலியடி', 'மழைநாளில் எங்கள் பாடசாலை', 'நானுஓயாவுக்கு 1885இல் புகையிரதம் வந்ததனால் மலைநாடு பெற்றதும் இழந்ததும்', 'தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்திலேயே வேலை என்பது முறையா'. கடைசித் தலைப்புக்கு இரு பக்கத்துக் குறிப்புகளையும் தேடிய பின்னரே தலைவாக்கியம் எழுதுக.

சிறுமியின் கட்டுரை ஒன்றரைப் பக்கம். நான்கு எழுத்துப்பிழை திருத்தினேன். வகுப்பில் அவளைக் கொண்டே வாசிப்பித்தேன். அவள் வாசித்து முடித்ததும் முன்வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, தங்கள் லயத்துப் பீலியில் மழைக்காலத்தில் தண்ணீர் சிவந்து வருமென்றும், அதை எழுத மறந்துவிட்டானென்றும், தன் தாளை ஒருமுறை திரும்பத் தர வேண்டுமென்றும் கேட்டான்.