தபாலில் வந்த கன்றும் பட்டியலில் கண்ட பூவும்



சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பகுதிச் சங்கம் ஒன்றைப் பரிசோதித்தபோது, புகார்ப் பதிவேட்டில் ஒரு குறிப்பைக் கண்டேன். பூச்செடி வளர்க்கும் அங்கத்தினர் சிலர், வெளிமாநில நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து சங்கத்தின் மூலம் டேலில்லிக் கன்றுகளைத் தபாலில் வரவழைத்திருந்தனர். பட்டியலில் கண்டது கருஞ்சிவப்பு. பூத்தவையோ சில வெளிறிய சிவப்பு, சில செம்மஞ்சள். சங்கம் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பொறுப்பு யாருடையது என்று தீர்மானிக்கச் செடியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

டேலில்லி உண்மையான லில்லி அன்று. சீனா, கொரியா, ஜப்பான் முதலிய நாடுகள் அதன் தாயகம். 'ஹெமரோகாலிஸ்' என்னும் அதன் தாவரப் பெயருக்கு 'ஒரு நாள் அழகு' என்பது பொருள். ஒரு பூ பெரும்பாலும் ஒரு நாளே நிற்கும்; மறுநாள் வேறு மொட்டு விரியும். பட்டியலில் அச்சாவது, முதிர்ந்த தூரில் மலர்ந்த சிறந்த பூ ஒன்றின் ஒரு வேளைத் தோற்றமே.

வேறுபாட்டிற்கு முக்கிய காரணங்கள் மூன்று.

முதலாவது, காலம். புதிய மண்ணில் வேரூன்றும் முதல் ஆண்டில் பூ சிறுத்தும் நிறம் குன்றியும் வரலாம். அடுக்குப் பூ வகை ஒற்றையாகவும் மலரலாம்.

இரண்டாவது, இடம். கருஞ்சிவப்பும் ஊதாவும் கடும் வெயிலில் வெளிறும். சாயநூலை நிழலில் உலர்த்தும் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பிற்பகல் நிழல் கிடைத்தால் நிறம் நிலைக்கும்.

மூன்றாவது, பிறப்பு. தாய்த்தூரைப் பிரித்து எடுத்த கன்றே தாயைப்போல் பூக்கும். விதையில் முளைத்த கன்று அவ்வாறு பூக்கும் என்பது உறுதியன்று.

முன்னிரண்டும் விற்றவர் குற்றமல்ல. விதைக்கன்றையோ வேறு வகையையோ அப்பெயரிட்டு விற்பது குற்றமே.

இவற்றைப் பிரித்தறிய அளவுகோல் உதவும். 1946-இல் தோன்றிய அமெரிக்க ஹெமரோகாலிஸ் சங்கம், வகைகளின் பெயரையும் அளவையும் பதிவு செய்து வருகிறது. 1975-இல் பதிவான 'ஸ்டெல்லா டி ஓரோ'வின் பூ 2¾ அங்குல அகலம். தண்டு 11 அங்குல உயரம். அப்பெயரில் வாங்கிய செடி இரண்டாம் ஆண்டிலும் இடுப்பளவு வளர்ந்து பெரும் பூ பூக்குமாயின், அது வேறு வகை எனக் கொள்ளலாம்.

அச்சங்கத்தில் மறு பருவம் வரை பொறுத்தனர். நிழலுக்கு மாற்றிய சிவப்புச் செடிகள் நிறம் தேறின. செம்மஞ்சள் பூத்தவை மாறவில்லை. பட்டியலையும் பெயர்ச்சீட்டையும் இணைத்துச் சங்கம் எழுதவே, பண்ணையார் அவற்றிற்கு மாற்றுக் கன்றுகள் அனுப்பினர். பெயர்ச்சீட்டை எறிந்துவிட்ட இருவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே, 'தூர் பிரித்த கன்று' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியலையும் சீட்டையும் பாதுகாத்து வையுங்கள். முதற் பூவிலேயே ஐயத்தைப் பண்ணைக்கு எழுதித் தெரிவியுங்கள். தீர்ப்பை இரண்டாம் பூவுக்கு ஒத்திவையுங்கள். நேர்மையான வியாபாரியைப் பழிக்காமலும், நேர்மையற்றவரிடம் ஏமாறாமலும் இருக்க இதுவே வழி.