கிடங்கில் வைக்க முடியாத சரக்கு

நாம் விற்கிற துவரம்பருப்பு இன்று போகாவிட்டால் நாளை போகும். மூட்டை கிடங்கில் கிடக்கும், வட்டிதான் நஷ்டம். மின்சாரம் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. பேட்டரியில் கொஞ்சம் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஸ்விட்சைப் போடுகிற அதே நொடியில் உற்பத்தி செய்து கொடுத்தாக வேண்டும். இந்தச் சரக்கை ஒரு நகரம் முழுவதற்கும் விற்கக் கிளம்பியவர்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

1882 செப்டம்பர் 4-ம் தேதி நியூயார்க்கில் பேர்ல் தெரு மின் நிலையத்தை எடிசன் தொடங்கினார். அது நேர்மின்சாரம். கம்பி நீள நீள அழுத்தம் குறையும். அதைச் சரிக்கட்டத் தாமிரத்தைப் பருமனாகப் போட்டால் முதல் கட்டுப்படியாகாது. ஒரு மைல் தாண்டுவதே சிரமம். ஆகவே நிலையத்தை, நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கிற ஊர் நடுவிலேயே கட்ட வேண்டியிருந்தது.

சிகாகோ நகரில் 1880-ல் சுமார் ஐந்து லட்சம் ஜனங்கள். பத்தே ஆண்டில் அது பதினொரு லட்சத்தைத் தொட்டது. மின்சாரம் விற்க இருபதுக்கு மேற்பட்ட சிறு கம்பெனிகள் இருந்தன. பெரிய ஓட்டல்களும் கடைகளும் நிலவறையில் சொந்த இயந்திரம் வைத்திருந்தன. எடிசனிடம் செயலாளராக இருந்த சாமுவேல் இன்சல் 1892-ல் சிகாகோ எடிசன் கம்பெனிக்குத் தலைவராக வந்தார். அதன் பங்குகளை வாங்க அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் கடன் கொடுத்தவர் அந்த ஊரின் பெரிய கடைக்காரரான மார்ஷல் ஃபீல்ட். நம் இனத்துக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு!

இன்சல் 1894-ல் ஹாரிசன் தெரு நிலையத்தை ஆற்றங்கரையில் அமைத்தார். நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, நிலக்கரி வந்து இறங்கவும் வசதி. ஆனால் இடத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம்தான். விளக்குகள் எல்லாம் மாலையில் ஒரே சமயத்தில் எரியும். அந்தச் சில மணி நேரத்துக்குப் போதுமான அளவில் இயந்திரம் வாங்க வேண்டும். மீதி நேரம் அது சும்மா நிற்கும், வட்டி மட்டும் நிற்காது.

ஓர் இயந்திரத்துக்கு வட்டியும் தேய்மானமும் நாளொன்றுக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரம் ஓடினால் மணிக்கு 6 ரூபாய் சுமை ஏறுகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 2 ரூபாய்தான். நிலக்கரிச் செலவு தனி. தீபாவளி வாரத்துக்கென்று பெரிய கிடங்கை வாடகைக்குப் பிடித்துவிட்டு, ஆண்டு முழுதும் வாடகை கட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் என்பவர் ஒரு மீட்டர் வைத்திருந்தார். எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதோடு, ஒருவர் எட்டிய உச்ச அளவு எவ்வளவு என்பதையும் அறிய அது உதவியது. இன்சல் அதை அங்கே பார்த்து சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். உச்ச அளவுக்கேற்ற முதல் சில மணி நேரப் பயனுக்கு அதிக விலை, அதற்கு மேல் குறைந்த விலை. அதிகம் வாங்குகிறவருக்குச் சலுகை என்று சிலர் இதைக் குறை சொல்லலாம். நம் பார்வையில் இது நியாயமான கணக்கே. ஒருவருக்காக எவ்வளவு இயந்திரம் ஒதுக்கி வைக்கிறோமோ, அந்தச் செலவை அவர் தாங்குகிறார்.

அடுத்து, வேறு வேறு நேரத்தில் வாங்குகிறவர்களைத் தேடிப் பிடித்தார். பகலில் தொழிற்சாலை மோட்டார், காலையும் மாலையும் டிராம் வண்டி, கோடையில் ஐஸ் தொழிற்சாலை. ஐஸ்காரருக்கு விலையை இறக்கிக் கொடுத்தாலும் லாபம்தான், விளக்குக் கிராக்கி குளிர்காலத்தில் அல்லவா! 1903-ல் ஃபிஸ்க் தெரு நிலையத்தில் 5,000 கிலோவாட் நீராவி டர்பைனை நிறுவினார். அவ்வளவு பெரிதாக அதற்கு முன் யாரும் செய்ததில்லை. ஆகவே ஆபத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: தயாரிப்புச் செலவு ஜெனரல் எலெக்ட்ரிக் பொறுப்பு, நிறுவும் செலவு இன்சல் பொறுப்பு.

பின்னாளில் கம்பெனிக்கு மேல் கம்பெனியாகப் பங்கை அடுக்கி 1932-ல் அவர் வீழ்ந்தார். வழக்குகளில் விடுதலையானாலும், சிறு முதலீட்டாளர்கள் பலர் பணத்தை இழந்தார்கள். ஆனால் அவர் பரப்பிய கட்டண முறையின் சாயல் இன்றும் நிற்கிறது. நம் உறுப்பினர்களில் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் அரிசி ஆலைக்காரர்கள் பில்லில் 'டிமாண்ட் சார்ஜ்' என்ற வரியைப் பார்க்கட்டும். காலையில் எல்லா மோட்டார்களையும் ஒன்றாகப் போடுகிறார்களா, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறார்களா என்பதைப் பொறுத்தும் அந்த வரியில் ஏறும் தொகை மாறலாம்.