ஐந்து வட்டி எத்தனை விழுக்காடு?

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டி தெரியும். பாடநூலில் உள்ள வட்டிதான் புதிது. "ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டியில் 10,000 ரூபாய்" என்று கரும்பலகையில் எழுதினால் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். "அஞ்சு வட்டிக்குப் பத்தாயிரம்" என்று வாயால் சொன்னால், பேனாவைத் தொடாமலே "மாசம் ஐந்நூறு" என்று விடை வருகிறது. அரியாங்குப்பத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் எனக்கு, இந்த இரண்டு வட்டிகளையும் ஒரே பலகையில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கென நடத்திய ஆறு பாடவேளைகளைப் பற்றி எழுதுகிறேன். அன்றாடச் செலவைக் குறைத்தால் கடன் அடையுமா என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதல் வேளையில் ஒரே ஒரு கணக்குதான். ஐந்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். ஆண்டுக்கு அறுபது. அதாவது 60 விழுக்காடு. பாடநூலில் 8, 10, 12 என்றே பார்த்துப் பழகியவர்கள் 60 என்று எழுதியதும் விடை தவறு என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வட்டி 24, மூன்று வட்டி 36, பத்து வட்டி 120 என்று ஒரு பட்டியல் தயாரித்து வகுப்புச் சுவரில் ஒட்டினோம். அந்தப் பட்டியலின் கீழே நானே ஒரு வரி சேர்த்தேன்: பல கடன் அட்டைகளில் நிலுவைத் தொகைக்கு மாதம் மூன்றரை வட்டி. அதற்கு மேல் சரக்கு சேவை வரியும் சேர்ந்தால் நான்கைத் தாண்டும். இந்த வரி பிள்ளைகளுக்காக எழுதியது அல்ல. சுவரைப் பார்த்துவிட்டுப் போன சக ஆசிரியர்கள் இருவர் அன்று மாலையே என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டாம் வேளைக்குத் தண்டல். 10,000 ரூபாய் தண்டலில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, அப்போ பதினைந்து விழுக்காடு" என்பது வகுப்பின் முதல் விடை. கையில் வந்தது 8,500தானே என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த 8,500ம் நூறு நாளும் கையில் இருப்பதில்லையே, தினமும் திருப்பித் தருகிறோமே என்று நான் கேட்டேன். தொடக்கத்தில் 8,500, முடிவில் பூஜ்யம். சராசரியாகப் பாதி என்று வைத்தால் 4,250 ரூபாயை நூறு நாள் பயன்படுத்தியதற்கு 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறோம். ஏறக்குறைய மாதம் பத்து வட்டி. நுணுக்கமாகப் போட்டாலும் அதே பக்கம்தான் வருகிறது. தவணை சிறியதாக இருப்பதால் வட்டி தெரிவதில்லை என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் "உங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு?" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாது. வீட்டுச் செலவுக் கணக்கை எழுதி வரச் சொல்லவும் கூடாது. வாரக் குழுக் கடன் வசூல் நாளில் மட்டும் பள்ளிக்கு வராத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தத் தாளில் என்ன எழுதுவார்கள்? கற்பனைக் குடும்பம் ஒன்றே போதும். பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அனுப்பி விலைகளை மட்டும் எழுதி வரச் செய்தால் கணக்கு உண்மையானதாகிவிடும். பாடத்தின் தொடக்கத்திலேயே நான் ஒரு புள்ளிவிவரத்தையும் எழுதிவிடுவேன். 2019ஆம் ஆண்டு அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டு ஆய்வின்படி ஊரகக் குடும்பங்களில் நூற்றுக்கு 35ம், நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 22.4ம் கடனில் இருந்தன. அதைப் பார்த்ததும் சில முகங்கள் தளர்வதைக் கவனித்திருக்கிறேன்.

எங்கள் கற்பனைக் குடும்பம் நான்கு பேர். மூன்று வட்டிக்கு 20,000 ரூபாய் கடன். மாதம் 600 ரூபாய் வட்டி கட்டுகிறார்கள்; அசல் அப்படியே நிற்கிறது. குறைக்கக்கூடிய செலவுகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தேன்: கடை டீயும் வடையும் நாளுக்கு 40 ரூபாய், பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம் நாளுக்கு 20, ஞாயிற்றுக்கிழமைகளில் பரோட்டா பார்சல், வாரம் 250, இரண்டாவது கைப்பேசிக்கு ரீசார்ஜ் 299, பூ மாதம் 200, இதர செலவு 2,250.

குழுவாகப் பிரிந்து எதைக் குறைக்கலாம் என்று பேசச் சொன்னேன். பையன்கள் குழுக்கள் மூன்றும் முதலில் வெட்டியது பூவை. 5,500 ரூபாய்ப் பட்டியலில் 200 ரூபாய்! பெண்கள் குழு ஒன்று எழுந்து, "இதரன்னா என்ன டீச்சர்?" என்றது. நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் 150 ரூபாய் என்று பிரித்துக் காட்டியதும் கடைசி வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மதுவின் தீமை பற்றி நான் அங்கே சொற்பொழிவு ஆற்றவில்லை. ஆற்றியிருந்தால் அந்தச் சிரிப்பு சில பிள்ளைகளுக்கு அவமானமாக மாறியிருக்கும். எண் தன் வேலையைச் செய்துவிட்டது.

நெடிய விவாதத்துக்குப் பின் வகுப்பு ஒத்துக்கொண்ட தீர்மானம் இது: பரோட்டா நான்கு வாரத்தில் மூன்று வாரம், மிச்சம் 250. தின்பண்டத்தில் 350. 'இதர'வில் இரண்டு நாள், 300. பூவில் கைவைக்க வேண்டாம். டீயிலும் வேண்டாம், ஏனென்றால் வேலைக்கு ஆள் கூப்பிடுவது டீக்கடையில்தான் என்றான் ஒருவன். எனக்கு அது தோன்றியிருக்காது. ஆக மாதம் 900 ரூபாய்.

வட்டி 600ஐயும் சேர்த்து மாதம் 1,500 கட்டினால்? மாதாமாதம் மீதி அசலுக்கு வட்டி கணக்கிட்டு அட்டவணை போட்டோம். முதல் மாதம் அசலில் 900 குறைகிறது, அடுத்த மாதம் 927, அதற்கடுத்து 955. பதினேழாம் மாத முடிவில் 415 ரூபாய்தான் பாக்கி. பதினெட்டாம் மாதம் கடன் தீர்ந்தது. மொத்த வட்டி 5,927. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அதே பதினெட்டு மாதத்தில் 10,800 போயிருக்கும், 20,000 அப்படியே இருந்திருக்கும்.

வகுப்பு கைதட்டத் தயாரானபோது ஒரு மாணவன் சொன்னான்: "அவங்க அசலைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்க மாட்டாங்க டீச்சர். மொத்தமாத்தான் கொடுக்கணும்."

இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். சிக்கனம் பற்றிய அறிவுரைகள் எல்லாம் மிச்சப்பட்ட பணம் தானாகப் போய்க் கடனைக் குறைக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. தனியார் வட்டிக்காரர் பலர் அசலைப் பகுதி பகுதியாக வாங்குவதில்லை. அப்படியானால் 900ஐ வேறெங்காவது சேர்த்து வைக்க வேண்டும். 20,000 சேர 23 மாதம் ஆகும். அதுவரை 600 வட்டி நிற்காது. மொத்த வட்டி 13,800. அதே சிக்கனம், அதே 900 ரூபாய், ஆனால் வட்டி இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் சேர்த்த பணம் என்னவாகும் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

பிறகு மூன்றாவது வழி. வீட்டில் ஒரு ஜோடி தோடு இருந்து, அதை வங்கியிலோ கூட்டுறவு நிறுவனத்திலோ வைத்து, ஆண்டுக்கு 9 விழுக்காட்டில் 20,000 வாங்கி மூன்று வட்டிக் கடனை முடித்துவிட்டால்? அதே 1,500ஐக் கட்டினால் பதினைந்தாம் மாதம் 152 ரூபாயோடு முடிகிறது. மொத்த வட்டி 1,152. பரோட்டாவில் செய்த தியாகத்தைவிடக் கடனை இடம் மாற்றியது பெரிய வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் 900 ரூபாய் மிச்சம் இல்லாமல் இடம் மட்டும் மாறினால் அசல் எங்கும் அசையாது, தோடும் திரும்பாது. இரண்டும் சேர்ந்துதான் கடனை முடிக்கின்றன.

இதே முடிவுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வந்திருந்தார் என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர் நினைவூட்டினார். சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் உழவர் கடன் பற்றி இரண்டு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை இங்கே கொண்டுவர வேண்டும் என்பது அவர் பரிந்துரை. ஒருவரையொருவர் அறிந்த ஊர்க்காரர்கள் தங்கள் சிறுசேமிப்பை ஒன்றாக்கி, எதற்குக் கடன் என்று கேட்டு, குறைந்த வட்டிக்குத் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொள்வது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் மாகாணத்தின் முதல் சங்கம் தோன்றியது. அப்போது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் எங்கள் ஆற்றங்கரைக்கு வரவில்லை. நம்மில் பலர் உறுப்பினராக இருக்கும் சிக்கன நாணயச் சங்கத்தின் பெயரில் 'சிக்கனம்' ஏன் முதலில் நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்க இந்தக் கதை உதவியது.

ஐந்தாம் வேளையை அரிக்கமேட்டில் நடத்தினோம். காக்காயன்தோப்புக்கு எங்கள் பள்ளியிலிருந்து நடந்தே போய்விடலாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியில் செய்த மெருகிட்ட செந்நிறத் தட்டுகளின் துண்டுகளும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகாதுச் சாடிகளும் கிடைத்தன. சில சாடிகளில் ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்பும்கூட வந்தன. மணிகள் செய்து ஏற்றுமதி செய்த ஊர் அது. அதே முதலாம் நூற்றாண்டில் ரோம அறிஞர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்றும், இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்தது 10 கோடி போகிறது என்றும் எழுதினார். நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு இவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்பது அவர் முறையீடு.

"அவரும் பூவைத்தான் முதல்ல வெட்டியிருக்காரு" என்றாள் ஒருத்தி. உடைந்த செங்கல் சுவர் அருகே நின்று எல்லோரும் சிரித்தோம். பிளினிக்கு ஆடம்பரமாகத் தெரிந்த மணிதான் இங்கே அதைத் துளைத்த கைவினைஞரின் சாப்பாடு என்பதும் பேச்சில் வந்தது. எது ஆடம்பரம் என்பதை அந்தக் குடும்பமே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், வெளியிலிருந்து பார்ப்பவர் அல்ல என்று குழுக்களின் குறிப்பேடுகளில் பின்னர் பல விதமாக எழுதப்பட்டிருந்தது. ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு உறவினரை அழைத்துச் சோறு போடுவது வீண்செலவு என்று ஒரு குழு எழுத, தடைக்காலத்தில் அரிசி கொடுத்தவர்களே அந்த உறவினர்தான் என்று மற்றொரு குழு பக்கத்தில் எழுதியது. நான் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன்.

பாடம் முடிந்த வாரம் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். மகள் சுவர்ப் பட்டியலை நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருக்கிறாள். "நான் கட்டறது எத்தனை வட்டின்னு போட்டுக் குடுங்க டீச்சர்" என்றார். மூன்று கடன், அதில் ஒன்று குழுக் கடன். வங்கி சாராத நிறுவனங்களிலும் சிறுகடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் விதித்திருப்பதை அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மூன்றில் எது அதிக வட்டி என்று வரிசைப்படுத்திக் கொடுத்தேன். அவர் மனத்தில் பெரியதாக இருந்த கடன், வட்டியில் மூன்றாவதாக வந்தது. தண்டல் முடிந்த மறுநாள் அந்த 100 ரூபாய் எங்கே போகும் என்று கேட்டேன். "அடுத்த தண்டலுக்குத்தான்" என்றார். வகுப்பில் பிள்ளைகள் சொன்ன விடையும் அதுவே.

இப்பாடத்தைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. கடலோரப் பள்ளிகளில் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பல வீடுகளில் கடன் ஆடம்பரத்தால் தொடங்குவதில்லை, இந்த 61 நாளில் தொடங்குகிறது. கடைசி வேளையில் நாங்கள் போட்ட கணக்கு இது: நிவாரணத் தொகை போக நாளுக்கு 300 ரூபாய் தேவை என்றால் 18,300 வேண்டும், மீதமுள்ள 304 நாளில் அதைச் சேர்க்க நாளுக்கு 60 ரூபாய் 20 காசு. டீயும் தின்பண்டமும் சேர்ந்து அறுபதுதானே என்று ஒருவன் பட்டியலைக் காட்டினான். "வலை கிழிஞ்சா?" என்றாள் முன்வரிசை மாணவி. "அந்த அறுபதுலதானே டீச்சர் எடுக்கணும்?" வலைக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவர இருவர் வீராம்பட்டினம் போயிருக்கிறார்கள்.