வேற்று நாட்டு நத்தை: வந்த தகவலைச் சோதித்தறியும் முறை

தென் அமெரிக்கச் சதுப்பு நிலங்களுக்கு உரிய பொன்னிற நத்தை, 1980-ஆம் ஆண்டையொட்டித் தைவான் தீவுக்கு உணவுப் பொருளாகக் கொண்டுவரப்பட்டது. பின்னர் பிலிப்பைன்ஸ், ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் முதலிய தேசங்களிலும் பரவிற்று. வாங்கி உண்பார் குறைந்து வியாபாரம் படுத்துவிடவே, வளர்ப்பிடங்களிலிருந்து வாய்க்கால் வழியாக நெல் வயல்களைச் சேர்ந்தது. இளம் நாற்றை அடியில் கடித்துத் தின்னும் இயல்புடையதாதலின், நட்ட சில நாட்களிலேயே வயலில் ஆங்காங்கு வெற்றிடங்கள் காணப்படும்.

நம் ஏரி குளங்களில் தொன்றுதொட்டு வாழும் உருண்டை நத்தை இதற்கு உறவுடையது. தோற்றத்திலும் பெரிதும் ஒத்தது. ஆகவே, புதிய நத்தை ஒன்றைக் கண்டதாக வரும் தகவலை உடனே நம்புவதும் கேடு, உடனே தள்ளுவதும் கேடு. நம்பி மருந்திட்டால் நாட்டு நத்தையும் மீனும் மாளும். நத்தைகுத்தி நாரைக்கு இரை அற்றுப்போகும். தள்ளிவிட்டாலோ, ஒரு வாய்க்காலில் கையால் பொறுக்கி முடிக்கத்தக்க வேலை ஆயக்கட்டு முழுவதற்கும் உரிய தொல்லையாகப் பெருகும்.

முதலில் முட்டைகளைத் தேடுதல் வேண்டும். பொன்னிற நத்தை, நீர்மட்டத்துக்கு மேலே நெல் தண்டு, மதகுச் சுவர், குச்சி முதலியவற்றில் நல்ல ரோஜா நிறமுள்ள முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். நாட்டு நத்தையின் முட்டைகள் வெண்மையானவை. கரையோர ஈரமண்ணிலும் பள்ளங்களிலும் கிடப்பவை. நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஏனெனில் குஞ்சு பொரிக்குந் தறுவாயில் ரோஜா நிறம் வெளுத்துவிடும். முட்டை எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்த சான்று, நத்தை தன் வாயை அடைக்கும் மூடி. இதுவே வயலில் செய்யத்தக்க சோதனைகளுள் சிறந்தது. நன்கு வளர்ந்த நாட்டு நத்தையின் மூடி சுண்ணாம்புச் சத்துடையது. உட்புறம் வெளுத்துக் கல்போல் கடினமாயிருக்கும். பொன்னிற நத்தையின் மூடியோ கொம்பு போன்ற பழுப்புத் தகடு. நகத்தால் அழுத்தினால் வளையும். ஓட்டின் நிறம் பயன்படாது. பெயர் பொன்னிறமாயினும் பழுப்பும் வரிகளும் உடையவை மிகுதி. வெற்று ஓடு கிடைத்ததென்பதும் போதிய சான்றாகாது. அது எங்கிருந்தோ வந்து விழுந்ததாயிருக்கலாம்.

மூடி வளைந்தாலும் விசாரணை முடிந்ததாகாது. கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் உறவினம் ஒன்றுக்கும் அத்தகைய மூடியே உண்டு. அது பெரும்பாலும் பாசியை உண்பது. இனத்தைத் துணிவது ஆராய்ச்சிசாலையின் வேலை. இதில் பிழை நேர்ந்தால் என்னாகும் என்பதற்குச் சல்வீனியா என்னும் நீர்க்களை சாட்சி. நெடுங்காலம் வேறோர் இனமாகக் கருதப்பட்ட அது, 1972-இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி எனத் தெளிந்தபின், அங்கிருந்து கொணர்ந்த கூன்வண்டை 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூன்தாரா ஏரியில் விட, களை அழிந்தது. முன்பு ஒத்த இனத்தின்மேல் பிடித்துவந்த வண்டுகள் அத்தகைய பலன் அளிக்கவில்லை.

தகவல் பெறும் கிராம அதிகாரி, கண்டவர் பெயர், தேதி, சர்வே எண், நீர் வரும் வாய்க்கால், முட்டைக் கொத்துகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்வது நலம். அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடித்தால் அளவு விளங்கும். கோடையில் ஒரு நாள் பகலில் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதுவது தகாது; இவ்வினம் சேற்றில் புதைந்து மாதக்கணக்கில் உயிர்த்திருக்க வல்லது. நீர் பாய்ந்தபின், மாலையில் மீண்டும் பார்க்க வேண்டும்.

உயிருள்ள நத்தையை வேறூருக்கு எடுத்துச் செல்லலாகாது. மனிதருக்கு மூளைநோய் விளைக்கும் புழு இதன் உடலில் இருக்கக்கூடுமாதலால், உறையின்றித் தொடாமல், பின்பு கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. மாதிரியைச் சாராயத்தில் இட்டு அனுப்புக. விவரச் சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடவேண்டும். மை சாராயத்தில் கரைந்துவிடும்.